பதினோரு மணிச் சுற்று

பெமிஜி, மினசோட்டா
ஜனவரி 6, 2013

அன்புத் தம்பி டுவேனுக்கு,

நான் சுகம். ஏரி முழுக்க உறைந்துவிட்டது. வண்டியின் பேட்டரி வாரத்துக்கு ஒரு முறை செத்துப் பிழைக்கிறது. உன் முதுகுவலி எப்படி? டுபுக்கில் எங்கள் அளவுக்குப் பனி இருக்காது என்று நினைக்கிறேன்.

உன் கிறிஸ்துமஸ் கடிதத்தை ஆர்டிஸுக்குப் படித்துக் காட்டினேன். உனக்குத் தெரியுமே, பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு காபி மட்டும் என் வீட்டில் குடிப்பவள். “இந்த வயசுல அக்காவும் தம்பியும் கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் பண்றீங்க?” என்றாள். விளக்கினேன். இல்லாத கல்லூரிகளின் கூடைப்பந்து அணிகளுக்கு நாங்கள் பயிற்சியாளர்கள். நான் நார்த் பைன், தம்பி மேப்பிள்டன், இரண்டும் ஒரே லீக். மூன்று மாதத்தில் ஒரு பருவம் முடியும். முடிவில் ஒரு வாரம் ஆள்சேர்ப்பு முடிவாகும், அதற்குக் கையெழுத்து வாரம் என்று பெயர். பள்ளி முடித்த பையன்களை, அவர்களும் கம்ப்யூட்டர் பெற்றுப்போட்ட பிள்ளைகள்தான், நம் கல்லூரிக்கு இழுக்க வேண்டும். பருவம் முழுக்க அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசலாம், கல்லூரிக்கு அழைத்துவந்து சுற்றிக் காட்டலாம். காலை பதினொன்று, மதியம் இரண்டு, மாலை ஐந்து என்று தினமும் மூன்று சுற்று. அழைத்தவர் பெயர் உடனே பையன் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் யார் எவ்வளவு வருந்தி அழைத்தார்கள் என்று மெஷின் கூட்டிப் பார்க்கும். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு கடைசிச் சுற்று உண்டு, அதில் யார் முன்னால் நிற்கிறாரோ அவருக்குப் பையன் கையெழுத்துப் போடுவான்.

“இதுல உன் தம்பி என்ன பெரிசா சாதிச்சான்?” என்று கேட்டாள். அதையும் சொன்னேன். நம் லீக்கில் இருக்கும் ஆரிகன்காரர் பர்க், சனிக்கிழமை தன் மகளுக்குக் கல்யாணம் என்று ஆட்டத்தில் எல்லோரும் பார்க்கும் பலகையில் சந்தோஷமாக எழுதியிருந்தார். நீ பருவம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, அவர் சர்ச்சில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த நேரத்தில் உள்ளே புகுந்து அவர் பையனைத் தூக்கிக்கொண்டு போனாய். அதை இரண்டு பக்கத்துக்குப் பெருமையாக எனக்கு எழுதவும் செய்தாய். ஆர்டிஸ் காபியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கும் சீ என்றுதான் இருந்தது, டுவேன்.

ஆட்டப் பேச்சு காகிதத்தில் மட்டும், போனில் கிடையாது என்று நாம் ஒப்பந்தம் போட்டது எவ்வளவு நல்லது என்று இப்போது தெரிகிறது. தபால் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் செய்தியெல்லாம் பழசாகிவிடும். யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது.

வேறு விசேஷம் இல்லை. மார்பில் எடுத்த படத்தை இன்னொரு முறை எடுக்க வேண்டுமாம். டாக்டருக்குப் படம் எடுப்பதில் ஆசை போலிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா மார்லிஸ்


டுபுக், அயோவா
ஜனவரி 19, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை, கிடங்கில் டிராக்டர் உதிரிபாகம் தூக்குவதைக் குறைத்துவிட்டேன். உன் பேட்டரியை மாற்றித் தொலை.

பர்க்குக்காக நீ உருகுவது எனக்குப் புரியவில்லை. கல்யாணத் தேதியைப் பலகையில் எழுதியது அவர். எழுதச் சொன்னது நானா? வேகம், உயரம், புள்ளிவிவரம் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். எதிராளி எப்போது திரையைப் பார்க்கமாட்டான் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் திறமை. ஒரு சுற்றுக்கு முன்னால் நம் பெயர் தெரிந்தால் அவன் விழித்துக்கொள்வான். ஆள் இல்லாத நேரத்தில் தெரிந்தால் என்ன செய்வான்? ஆர்டிஸிடம் சொல், இதற்குப் பெயர் கணிப்பு.

படம் எடுத்தாயா? என்ன சொன்னார்கள்? ஒன்றும் இருக்காது. நம் வீட்டில் யாருக்கும் அப்படி வந்ததில்லை.

அன்புடன்,
டுவேன்


பெமிஜி
பிப்ரவரி 2, 2013

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு நம் வீட்டில் யாருக்கும் வராதது வந்திருக்கிறது. இடது பக்கம் கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டார்கள், கெட்டதுதான். சின்னது, ஆரம்பம், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் பயப்பட ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். வேலையில் லீவு கொடுத்துவிட்டார்கள். முப்பது பள்ளிப் பேருந்துகளை நேரத்துக்கு அனுப்ப வேறு ஆள் வந்திருக்கிறான், முதல் நாளே இரண்டைத் தப்பான பள்ளிக்கு அனுப்பினானாம்.

இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். ஆர்டிஸ் என்னைக் கொண்டுபோய் விடுவாள். ஆனால் கண் விழிக்கும்போது எதிரில் நம் வீட்டு முகம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். அப்பா அம்மா போன பிறகு அப்படி எனக்கு இருக்கிற முகம் உன்னுடையது ஒன்றுதான். எட்டு மணி நேர ஓட்டம், பனி வேறு. முடிந்தால் வா.

ஆட்டத்தைப் பற்றி எழுத மனமில்லை.

அன்புடன்,
அக்கா


டுபுக்
பிப்ரவரி 9, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ தைரியசாலி, உனக்கு ஒன்றும் ஆகாது. இப்போதெல்லாம் இது ஒரு பெரிய விஷயமே இல்லை என்று எங்கள் கிடங்கில் எல்லோரும் சொல்கிறார்கள்.

வருவதற்கு உயிராகத் துடிக்கிறேன். ஆனால் அந்த வாரம் பார்த்து வருடாந்திர இருப்புக் கணக்கு. ஒவ்வொரு திருகாணியையும் எண்ணியாக வேண்டும். முதலாளி சாவுக்குக்கூட லீவு தரமாட்டான். பூ அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் எழுது. உன்னை எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள், எத்தனை மணிக்கு நினைவு திரும்பும்? நேரம் தெரிந்தால் அந்த நேரம் முழுக்க உன்னையே நினைத்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருக்க முடியாதவனால் அதுதானே முடியும்.

அன்புடன்,
உன் தம்பி டுவேன்


பெமிஜி
பிப்ரவரி 15, 2013

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ வரமுடியாதது வருத்தம்தான், வேலை வேலைதானே.

காலை பத்து மணிக்கு உள்ளே. மதியம் இரண்டுக்கு மேல்தான் கண் திறப்பேனாம், அன்று முழுக்க மயக்கமாகவே இருக்குமாம். உன் கடைசி வரிகளை ஆர்டிஸுக்குப் படித்தேன். அவள் அதை வாங்கித் தானே ஒரு முறை படித்துப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்து மூன்று வயது வரை நீ எனக்கு எழுதியதிலேயே நல்ல வரிகள் அவைதான், டுவேன். பத்திலிருந்து இரண்டு வரை யாரோ ஒருவன் அயோவாவில் திருகாணியை எண்ணிக்கொண்டே என்னை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தால் உள்ளே போகத் துணிவு வருகிறது.

அன்புடன்,
அக்கா


டுபுக்
மார்ச் 3, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

ஆர்டிஸுக்குப் போன் செய்தேன், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றாள். எவ்வளவு நிம்மதி தெரியுமா? பூ வந்ததா? மஞ்சள் கேட்டேன், வெள்ளைதான் இருக்கிறது என்றான் கடைக்காரன்.

இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு பீட்சா கடை திறந்திருக்கிறார்கள், ரொட்டி அட்டை மாதிரி இருக்கிறது. முதுகு தேவலை. கிடங்கில் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள்.

நன்றாகத் தூங்கு. திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. பதில் எழுத அவசரமில்லை.

அன்புடன்,
டுவேன்


பெமிஜி
மார்ச் 24, 2013

டுவேனுக்கு,

பூ வந்தது. வெள்ளை.

இடது கையைத் தூக்க முடியாததால் முதல் வாரம் எழுதவில்லை. வலது கையை நம்பமுடியாததால் அடுத்த இரண்டு வாரம் எழுதவில்லை. என்ன எழுதிவிடுமோ என்று பயமாக இருந்தது.

வீடு திரும்பிய நாலாம் நாள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இண்டியானாப் பையன், ஏழடி உயரக்காரன், ஓடெல் பிரிஸ்கோ. பருவத்தின் முதல் நாளிலிருந்து அவன் வீட்டுப் படியேறியவள் நான். வேறு யாரும் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் மேப்பிள்டனில் கையெழுத்துப் போட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை, இரண்டு மணிச் சுற்றில்.

அவ்வளவு பின்தங்கி இருக்கிறவன் ஒரே சுற்றில் என்னைத் தாண்ட முடியாது. இரண்டு சுற்று வேண்டும். பதினோரு மணிச் சுற்றிலேயே உன் பெயர் அவன் பக்கத்தில் தெரிந்திருக்கும். நான் விழித்திருந்தால் பார்த்திருப்பேன், இரண்டு மணிக்குள் பதிலடி கொடுத்திருப்பேன். பதினொன்றிலிருந்து இரண்டு வரை நான் திரையைப் பார்க்கமாட்டேன் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி ஆர்டிஸ். அவளுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது.

நேரம் கேட்டாய். சொன்னேன். அதைப் படித்து அழுதேன் என்று வேறு எழுதினேன். என் அழுகையையும் சேர்த்து நீ கணக்கில் வைத்திருப்பாய்.

திரை முன்னால் உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தேன். “மயக்க மருந்து இன்னும் உடம்பை விட்டுப் போகலை” என்று சொல்லிக்கொண்டே ஆர்டிஸ் தரையைத் துடைத்தாள். நான் திருத்தவில்லை. தம்பியால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

ஆட்டத்தைப் பற்றிக் காகிதத்தில் எழுதினால் வந்து சேர்வதற்குள் பழசாகிவிடும் என்று நம்பி எழுதிக்கொண்டிருந்தோம். என் மார்பைப் பற்றி எழுதியது பழசாகவில்லை. சுடச்சுட உன் கைக்கு வந்து சேர்ந்தது.

ஒரு பையன் போனதற்கு நான் கோபப்படவில்லை. என்னை அறுக்கிற நேரத்தில் நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அருவருப்பாக இருக்கிறது, டுவேன். உன் கையெழுத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

மே மாதம் கதிர்வீச்சு தொடங்குகிறார்கள். தகவலுக்காக எழுதுகிறேன்.

மார்லிஸ்


டுபுக்
ஏப்ரல் 14, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேறிவருகிறதா? நான் மூன்று முறை எழுதிக் கிழித்துப்போட்டேன்.

இருப்புக் கணக்கு என்று நான் சொன்னது பொய்யில்லை. அது புதன்கிழமைதான் தொடங்கியது, அவ்வளவுதான். அன்று காலை உன்னைப் பற்றிய கவலையில் வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. உன்னை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், அதுவும் உண்மை. ஓடெல் பிரிஸ்கோ என்று ஒருவன் உலகத்திலேயே இல்லை, அக்கா. மெஷின் குலுக்கிப்போட்ட பெயர். அதற்காக நீயும் நானும் பேசாமல் போவதா?

சரி, தப்புதான். எழுதிவிட்டேன். மன்னித்துவிடு.

வருகிறேன். மே 20 முதல் அந்த வாரம் முழுக்க உன்னோடு இருக்கிறேன். லீவு வாங்கிவிட்டேன். தினமும் நானே உன்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். ஆர்டிஸ் கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும்.

அன்புடன்,
உன் தம்பி டுவேன்


பெமிஜி
ஏப்ரல் 27, 2013

தம்பிக்கு,

கை இப்போது தோள் வரைக்கும் ஏறுகிறது. நலம்தான்.

பதில் எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு காலண்டரைப் பார்த்தேன். மே 20 எந்த வாரம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையெழுத்து வாரம். இருக்கிற வாரமெல்லாம் விட்டு அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்து, அதை அப்படியே போட்டுவிட்டு எட்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாய். அதை நீ சொல்லிக்காட்டவும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கதிர்வீச்சு தினமும் பத்தே முக்காலுக்கு. வா. ஒன்றும் வாங்கிவராதே. ஒரே ஒரு நிபந்தனை, ஆட்டத்தைப் பற்றி இந்த வீட்டில் ஒரு வார்த்தை வேண்டாம். அந்தப் பேச்சு எனக்கு முடிந்துவிட்டது.

அக்கா


டுபுக்
மே 28, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். முதுகு இரண்டு நாள் திட்டியது, இப்போது சமாதானம்.

எவ்வளவு நல்ல வாரம். நீ வறுத்த ஏரி மீன் இன்னும் நாக்கில் நிற்கிறது. ஆர்டிஸ் கடைசி நாள் கேக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தாளே, அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உனக்காகக் காத்திருந்தபோது, இதைப் பிப்ரவரியிலேயே செய்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நீ வெளியே வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாயே, அது போதும் எனக்கு.

இனி எல்லாம் நல்லதே நடக்கும். தோல் எரிச்சலுக்குக் களிம்பு போட மறக்காதே.

அன்புடன்,
உன் தம்பி டுவேன்


பெமிஜி
ஜூன் 15, 2013

டுவேனுக்கு,

கதிர்வீச்சு முடிந்துவிட்டது. தோல் உரிகிறது, ஆறிவிடும் என்கிறார்கள்.

சிரித்தேன், உண்மைதான். ஏன் சிரித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது வண்டியில் நீ கேட்டாய். “நாளைக்கும் இதே நேரந்தானா அக்கா?” ஆமாம் என்றேன். “உள்ள எவ்வளவு நேரம் இருப்ப?” கால் மணி நேரம் என்றேன். “போனை உள்ள கொண்டு போக விடுவாங்களா?” விடமாட்டார்கள், உடுப்போடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்றேன். நான் உள்ளே தனியாக இருப்பதை நினைத்து உனக்குக் கவலை என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸிடம் சொன்னேன், பாரு, எப்படிக் கேட்கிறான் பாரு என்று. “ஆமா, மனுஷன் மாறித்தான் போயிட்டான்” என்றாள். அந்தக் கேக் அதற்காகத்தான் வந்தது. இப்போது அவள் அதை நினைத்து நினைத்துத் திட்டுகிறாள்.

புதன்கிழமை மேலுடுப்பைக் கழற்றி, கையைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு, அசையக்கூடாது என்று சொன்னதால் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நான் அந்தப் பலகையில் படுத்திருந்தேன். வெளியே வந்தேன். நீ போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எழுந்தாய். “வலிச்சுதா?” என்று கேட்டாய். அதற்குத்தான் சிரித்தேன்.

போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மொன்டானாவில் லோவல் என்று ஒரு பள்ளி வாத்தியார். யார் என்று உனக்குத் தெரியாது. மார்ச் கடைசியில் என் அணியைக் கொடுத்துவிட்டேன், டுவேன். அந்தத் திரையைத் திறக்க மனம் வரவில்லை. விட்டுப்போன அணியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இவர் எடுத்துக்கொண்டார். பருவம் முடியும்வரை பலகையில் பழைய பெயர்தான் நிற்கும், அதனால் அங்கே இருந்தது மார்லிஸ் என்றே நீ நினைத்தாய். முடிந்துவிட்டது என்று ஏப்ரலிலேயே உனக்கு எழுதினேன். நீ வேறு மாதிரிப் படித்தாய் போலிருக்கிறது.

அந்த வாத்தியாருக்கு இது முதல் பருவம். ஒரே ஒரு நல்ல பையன் கிடைத்திருந்தான், கடைசி வரை ஊசலாடிக்கொண்டிருந்தான். புதன்கிழமை பதினோரு மணிச் சுற்று அவனுக்குக் கடைசிச் சுற்று. இவர் வகுப்பில் இருந்தார். அதுவரை பையன் பக்கம் தலைகாட்டாத மேப்பிள்டன், சுற்று ஓடச் சில நிமிடம் இருக்கும்போது மொத்தமாக வந்து விழுந்ததாம்.

ஆக, அந்தக் கையெழுத்து வாரத்தை எனக்காக நீ விட்டுவிட்டு வரவில்லை. எனக்கு முன்னாலேயே இருந்து, நான் எந்த நேரத்தில் குருடு என்று பார்த்துக்கொள்ள வந்தாய். பிப்ரவரியில் எட்டு மணி நேரத் தொலைவிலிருந்து செய்ததை மே மாதத்தில் ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்து போனிலேயே செய்தாய். என் கதிர்வீச்சு நேரத்தை எனக்கு எதிராகவே வைத்து ஆடினாய். அங்கே நான் இல்லாததால் அடி யாரோ ஒரு வாத்தியார் மேல் விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கத்த வேண்டும் போல இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் போல இருக்கிறது. நீ படுத்த மெத்தை விரிப்பை ஆர்டிஸ் எடுத்துக்கொண்டுபோய்த் துவைத்துவிட்டாள், நான் கேட்கவில்லை.

இதற்குப் பதில் எழுதாதே. வந்தால் பிரிக்கமாட்டேன்.

லோவல் நல்ல மனிதர். புலம்பவில்லை, கேள்விதான் கேட்டிருந்தார். இந்த லீக்கில் நீங்கள் பல வருடம் இருந்தீர்களே, மேப்பிள்டன் பயிற்சியாளர் எப்படிப்பட்டவர், உங்களுக்கு அவரைத் தெரியுமா என்று.

தெரியாது என்று எழுதினேன்.

மார்லிஸ்